சாப்பாட்டு மேசையில் உடம்பைப் பற்றிக் கதைக்கலாமா?

முருங்கைப்பூ (கொக்குவில்)

என் மகளுக்கு 15 வயது. போன ஆவணியில் உறவுக்குள் ஒரு சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. ஆசையாகத் தாவணி கட்டி, தானே பூ வைத்துக்கொண்டு வந்தாள். பந்தியில் ஒரு மாமி அவளுடைய மேல்கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன பிள்ளை, நல்லா மொத்தமாயிட்டாய். அம்மா மூண்டு நேரமும் புட்டோ தாறா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை அவள் பார்த்தாள்.

முதலில் சோற்றைக் குறைத்தாள். பிறகு இரவுச் சாப்பாடு நின்றது. வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம் என்று கூடிக்கொண்டே போனது. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று பெருமைப்பட்டு அயலட்டைக்கும் சொன்னேன். மார்கழி பிறந்த பிறகு அவளுடைய புத்தகப் பையைக் கழுவ எடுத்தால், அடியில் மூன்று நாள் பழைய இடியப்பப் பார்சல் புளித்துக் கிடக்கிறது. காலையும் மாலையும் தராசில் ஏறி நிறை பார்க்கிறாள் என்பதைத் தம்பிக்காரன்தான் சொன்னான்.

தராசை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்த வீட்டில் இனி யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும், மொத்தம் என்றோ மெலிவு என்றோ, கதைக்கக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னேன். கணவரின் தமையனார், "பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாய்" என்கிறார். நான் செய்தது சரியா, பிழையா?

பலாலி வீதி

தங்கச்சி, பிள்ளை சுகமாக வேண்டும், அதுதான் முதல். ஆனால் நீங்கள் போட்ட சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. காலில் ஒரு சின்னப் புண். தோட்டத்தில் கல் குத்தியது என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார். ஆறு கிழமையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கும் 43 வயதில் அதே வருத்தம் வந்தது. எங்கள் சனத்துக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேருகிறது. அதனால்தான் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்ற கணக்கு) 25 வரும்வரை பார்த்திருக்காமல் 23-ஐயும் கவனிக்க வேண்டிய அளவாகச் சேர்த்தது. தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 80 வந்தாலே கவனிக்கவேண்டும். இவற்றை வீட்டில் கதைக்காமல் வேறு எங்கே கதைப்பது?

கணக்கு ரீச்சர்

அண்ணை, ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். உங்கள் அப்பாவின் உடம்பைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லாமலா இருந்தார்கள்?

பலாலி வீதி

சொன்னார்கள். வண்டி, அதுதான் தொப்பை, இருந்ததால் "வண்டியர்" என்றுதான் ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டார்கள்.

கணக்கு ரீச்சர்

அதைத்தான் கேட்டேன். இத்தனை வருடம் வண்டியர் என்று கூப்பிட்டவர்களில் ஒருவராவது "வாருங்கோ, இரத்தம் சோதிச்சுப் பார்ப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார்களா? உடம்பைப் பற்றிய பகிடியும் சுகத்தைப் பற்றிய கதையும் ஒன்றில்லை. எங்கள் ஊரில் முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதற்குத்தான் தட்டுப்பாடு.

பிஜித் தீவில் நடந்த ஒரு ஆய்வை இங்கே சொல்லவேண்டும். அங்கேயும் எங்களைப் போலத்தான். நன்றாகச் சாப்பிடு என்பதுதான் உபசாரம், உடம்பு வைத்திருக்கிறாய் என்பது பாராட்டு. 1995-இல் ஒரு மாவட்டத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில், கோளாறான சாப்பாட்டுப் பழக்கத்தின் அறிகுறி பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளில் 12.7 வீதமானோருக்கு இருந்தது. மூன்று வருடத்தில் அது 29.2 வீதமானது. நிறையைக் குறைக்க வாந்தி எடுக்கிறோம் என்று முதலில் ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 வீதமானோர் சொன்னார்கள். அது வெறும் தொலைக்காட்சி. எங்கள் பிள்ளைகளுடைய கையில் இப்போது போன் இருக்கிறது, அதற்குள் முகத்தை வெள்ளையாக்கி இடுப்பை ஒடுக்கிக் காட்டும் படங்கள் இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் பந்தியில் மாமி. கலியாண விளம்பரத்தில் "மெல்லிய, சிவந்த" என்று எழுதுகிறவர்களும் நாங்கள்தான்.

"வடிவாச் சாப்பிடு பிள்ளை" என்று இங்கே சொல்கிறோமே, அதில் வடிவு என்பது அழகு இல்லை, நிறைவு. அந்த அர்த்தத்திலேயே அது பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

திருநெல்வேலிப் பெடியன்

நான் மற்றப் பக்கம். ஏ.எல். படிக்கும்போது 94 கிலோ இருந்தேன். வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அந்தப் பகிடிதான் என்னை எழுப்பியது. இன்றைக்கு 72 கிலோ. காலை ஐந்து மணிக்கு ஜிம், சாப்பாடு முழுக்கத் தராசில் நிறுத்துத்தான். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம், கச்சான் நூறு கிராமில் இருபத்தைந்து, எல்லாம் மனப்பாடம். யாரும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அப்படியே இருந்திருப்பேன். உண்மையைச் சொல்வதைக் குற்றமாக்கக்கூடாது. கட்டுப்பாடு இல்லாமல் உடம்பு வராது.

சுன்னாகம் அம்மம்மா (பேத்தி தட்டச்சு செய்கிறேன், அவ சொல்லச் சொல்ல)

பிள்ளையள், உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. தொண்ணூறுக்குப் பிறகு யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்தபோது சீனி, மா, சவர்க்காரம் ஒன்றும் ஒழுங்காக வராது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். 95-ஆம் ஆண்டு ஐப்பசி 30-ஆம் திகதி இரவு, கொட்டும் மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது என் கடைசி மகனுக்கு ஒன்பது வயது, விலா எலும்பை எண்ணலாம். அவனை யாராவது "மொத்தமாயிட்டான்" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன். அதனால்தான் எங்களுக்கு அந்தச் சொல் ஆசீர்வாதம். கோப்பையில் சோறு மிச்சம் விட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். அந்த மாமியும் என் வயதாக இருந்தால் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டா. மூத்தவர்களின் வாயைக் கட்டுகிறது சரியில்லை.

முருங்கைப்பூ

அம்மா, உங்களை வாசித்து அழுதேன். ஆனால் அந்த மாமி என் வயதுதான். அவ சொன்னது ஆசீர்வாதமாக இருக்கவில்லை.

குடும்பநலம் 31 (ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், வடமராட்சி)

31 வருடம் வீடு வீடாகப் பிள்ளைகளைத் தராசில் நிறுத்த கை என்னுடையது. எனக்கு நிறையோடு பகை இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் கொள்கையைப் பற்றி விவாதிக்கிறீர்கள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பயம். முருங்கைப்பூ, முதலில் இதற்குப் பதில் பாருங்கள்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? எழும்பும்போது தலை சுற்றுகிறதா? தலைமயிர் கொட்டுகிறதா, எந்த நேரமும் குளிர்கிறது என்கிறாளா? சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போகிறாளா? ஒன்றுக்காவது ஆம் என்றால், இல்லை, ஒன்றும் இல்லாவிட்டாலும், அந்தப் பார்சலை நினைத்து இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். பார்வைக்கு மெலியவில்லை என்று இருக்கவேண்டாம். எந்த நிறையிலும் இந்தச் சாப்பாட்டுக் கோளாறு வரும்.

ஒரே நாளில் திணிக்கவும் வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகள் குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதை வைத்தியர் சொல்லட்டும். மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. விசர்க்கதை என்று ஒதுக்காமல் எடுங்கள்.

தம்பி திருநெல்வேலி, கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரிதான் கொடுத்தார்கள். அவ்வளவுதான், வேறு நோய் இல்லை. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள். சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல வாசித்தார்கள். எரிச்சல், துக்கம், யாரோடும் சேரப் பிடிக்காத தன்மை. சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலரால் எப்போது நிறுத்துவது என்று உணர முடியவில்லை. மனவுறுதி இல்லாததால் இது வருவதில்லை. பட்டினி மூளைக்குச் செய்கிற வேலை இது.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளையின் இடுப்பும் தொடையும் திரளத்தான் வேண்டும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். பிறகு அதே பந்தியில் இன்னொரு பிள்ளையைப் பார்த்து ஏன் தேறினாய் என்று கேட்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு என்பது பிள்ளை பாடு. "இன்னும் ஒரு கரண்டி" வேண்டாம், "போதும், எழும்பு" வேண்டாம். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள், அவளுடைய கோப்பையைப் பார்க்காமல். விரதம் நோயாளிக்கு இல்லை என்பது எங்கள் பெரியவர்களே சொல்லித்தந்தது. அதை அவளுக்குத் தண்டனையாகச் சொல்லாமல், முருகன் கோபிக்க மாட்டார் என்று சொல்லுங்கள்.

பலாலி வீதி

சகோதரி, நீங்கள் சொன்ன ஆபத்து எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அது சரி என்று ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி நிற்கிறது. "எவ்வளவு என்பது பிள்ளை பாடு" என்றால் என் மகன்? 27 வயது, நாள் முழுக்க நெக்டோச் சோடாவும் றோல்ஸும். போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016-இல் இருந்து போடுகிறார்கள். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறான். அப்பாவின் காலைக் கண்ட நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா?

கணக்கு ரீச்சர்

இல்லை, கட்டாயம் சொல்லுங்கள். அவனுடைய வண்டியைச் சொல்லாமல் உங்களுடைய அப்பாவின் காலைச் சொல்லுங்கள். அந்தப் புண்ணின் கதையை, இங்கே எழுதியது போலவே, ஆட்கள் இல்லாத நேரத்தில். "நானும் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போறன், வாறியோ?" என்று கேளுங்கள். சமையலில் நீங்கள் மாற்றக்கூடியதை எல்லோருக்கும் மாற்றுங்கள். முதலில் கீரையும் மீனும், பிறகு புட்டு என்று சாப்பிட்டாலே சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவது குறைகிறது. ஒருவனுக்கு மட்டும் தனிக் கோப்பை, தனிக் கறி வைத்தால் அது வீட்டுக்குள் வைத்த பட்டப்பெயர்தான்.

பலாலி வீதி

அவன் வர மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன்.

கணக்கு ரீச்சர்

திருநெல்வேலித் தம்பி, உங்களிடமும் ஒரு கேள்வி. வீட்டுச் சாப்பாட்டைப் பயமில்லாமல் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

திருநெல்வேலிப் பெடியன்

இரண்டு நாள் இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன்.

அம்மா மாதம் ஒருமுறை ஒடியல் கூழ் காய்ச்சுவா. நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானைக்குள். அதை நிறுக்க முடியாது. எதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு வருடமாக நான் குடிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று கூழ் காய்ச்சுகிற நாளில் வெளியே போய்விடுவேன். அம்மா இப்போதும் எனக்கென்று கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா மடித்து வைப்பதாகத் தங்கச்சி சொன்னாள். நிறை குறைந்தது எனக்கு நல்லது, அதில் மாற்றம் இல்லை, மூட்டு வலி போய்விட்டது. ஆனால் அந்தப் பகிடிக்கு நன்றி சொன்னதை மட்டும் திருப்பி எடுக்கிறேன்.

சுன்னாகம் அம்மம்மா

போய்க் குடி ராசா.

முருங்கைப்பூ

குடும்பநலம் அக்கா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்று மாதமாக வரவில்லை. என்னிடம் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வைத்தியரிடம் போனோம். இரத்தம் எடுத்தார்கள், இருதயத் துடிப்பைப் பார்த்தார்கள். மனநல வைத்தியரிடமும் கடிதம் தந்து அனுப்பியிருக்கிறார்கள். நிறையை அவளுக்குக் காட்டாமல், முதுகைத் திருப்பி நிற்கவைத்துத்தான் நிறுத்தார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீங்களும் சிரிச்சனீங்கள்தானே அம்மா" என்றாள். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று இரவு இரண்டு இடியப்பமும் சொதியும். நான் கோப்பையைப் பார்க்காமல் இருக்க, சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் நின்றேன்.

பொங்கலுக்கு அந்த மாமி வருவா. சட்டம் பிழை என்று சொன்னவர்கள் சொன்னதை யோசித்தேன். எல்லோருக்கும் போட்ட தடையை எடுத்துவிடுகிறேன். சீனி, பிறஷர், இரத்தச் சோதனை எல்லாம் இனி வெளிப்படையாகக் கதைப்போம். ஆனால் மாமி வீட்டுக்குள் கால் வைக்கமுன், படலையிலேயே மறித்து, அவளுடைய கையைப் பிடித்துப் பார்க்கவேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன்.

சுன்னாகம் அம்மம்மா

சொல்லு பிள்ளை. மரியாதையாச் சொல்லு. அவ கோபிச்சால் என்ரை பேரைச் சொல்லு.