வான்கோவின் லாசரு படத்தில் இயேசு எங்கே?

கேள்வி:
ஓவியர் வான்கோ 1890 மே மாதம் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியில் வரைந்த லாசரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், செத்துப்போன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பிய பைபிள் கதை. தம்பி தியோ அனுப்பிய, பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு வரைந்தது. அந்த அச்சில் இயேசு கையைத் தூக்கி நெடுநெடுவென்று நிற்கிறார், வான்கோ படத்தில் ஆளையே காணோம், மேலே மஞ்சளாக ஒரு சூரியன்தான். எழுந்து வரும் லாசருவுக்கோ செந்தாடி. அது வான்கோவேதானே? போதகர் வீட்டுப் பிள்ளை இயேசுவை ஏன் எடுத்துவிட்டார், கோபமா?

பதில் 1:
கோபம் என்று சொல்ல மாட்டேன், கூச்சம் என்பேன். 1888இல் பிரான்சின் ஆர்ல் ஊரில், இயேசு பிடிபடுவதற்கு முன் ஒலிவத் தோப்பில் ஜெபித்த கெத்செமனே காட்சியை இரண்டு முறை வரைந்து இரண்டு முறையும் சுரண்டிப் போட்டார். மாடல் இல்லாமல் மனித உருவம் வரைய அவருக்கு மனம் வராது, இயேசுவுக்கு மாடலாக யாரைப் பிடிப்பது? மறு வருஷம் ஓவிய நண்பர்கள் கோகனும் பெர்னாரும் அதே காட்சியை வரைந்தபோது எரிச்சல்பட்டு, நிஜ ஒலிவத் தோப்புக்குள் போய் உட்கார்ந்து மரங்களை மட்டும் வரைந்தார். எனக்கு அந்த மரங்களே கெத்செமனேதான்.

பதில் 2:
கோபமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தில் பொரினாஜ் சுரங்கத் தொழிலாளிகளிடையே ஊழியம் செய்தார், உடுப்பையெல்லாம் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்தார், அனுப்பியவர்களுக்கோ அது பிடிக்கவில்லை, 1879இல் பதவியை நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்பா இறந்த 1885இல் வரைந்த பைபிள் படத்தைப் பாருங்கள். அப்பாவுடைய கனத்த பைபிள், பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி, முன்னால் ஓரம் நைந்த மஞ்சள் அட்டை நாவல், பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவுடையது. அப்பாவோடு போட்ட சண்டை முழுக்க அந்த மேஜையில் இருக்கிறது. ஆனால் திறந்திருப்பது ஏசாயா 53, பெரிய வெள்ளிக்கு எங்கள் சபையில் இயேசுவின் பாடுகளை நினைத்து வாசிக்கிற 'துக்கம் நிறைந்தவர்' அதிகாரம். கோபக்காரன் வேறு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பான்.

பதில் 3:
செந்தாடி விஷயத்துக்கு வருகிறேன். 1889இல் நோயின் நடுவே பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் பியத்தா (இறந்த இயேசுவை மரியாள் தாங்கியிருக்கும் காட்சி) அச்சு எண்ணெயிலும் சாயத்திலும் விழுந்து பாழானது, அந்த வருத்தத்தில்தான் அதைப் பார்த்து வண்ணத்தில் வரைந்தார். மரியாள் தாங்கியிருக்கும் இயேசுவுக்கும் செம்பட்டைத் தாடி! இது நானேதான் என்று அவர் எழுதி வைக்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல முடியாது, எனக்குச் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் லாசருவின் சகோதரிகளுக்கு அவர் மனதில் இருந்தவர்கள் ஆர்லில் தெரிந்த இரண்டு பெண்கள், ஒருவர் தபால் ஊழியர் மனைவி, இன்னொருவர் காபிக்கடைக்கார அம்மா. அவர்கள் மாடலாகக் கிடைத்தால் பெரிய படமாகவே வரைவேன் என்று தியோவுக்கு எழுதினார்.

கேள்வி கேட்டவர்:
தபால்காரர் வீட்டு அம்மாவா! சரி, மறுபடி திறந்து பார்த்தேன், இத்தனை நாள் தாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், கை விரித்து அதிர்ந்து நிற்கிற அந்தப் பெண்ணை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.