மறு: ஒயின் விருந்தில் பேச வருபவருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். ஒயின் விருந்துக்கான உணவு அட்டையைத் தமிழில் எழுதிவரும் அம்மையார் கேட்டதற்கு என் பதில் இது.

> உணவு அட்டையின் தலைப்பில் "மது விருந்து: ஆல்ப்ஸ் மலை மது தயாரிப்பாளர்கள் பங்கேற்பு" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

சரியில்லை அம்மா. 'மது விருந்து' என்று நம் நாளேடுகளில் வந்தால், அடுத்த வரியில் பண்ணை வீடும் காவல்துறைச் சோதனையும் வந்துவிடும். நீங்கள் சொல்ல வந்தது வேறு. ஐந்து வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு கோப்பை, நடுவே அதைச் செய்தவர் எழுந்து தன் மலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. 'ஒயின் விருந்து' போதும். தமிழ்நாட்டில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்ற கடைக்கு 'ஒயின்ஷாப்' என்று பெயர் வைத்தோம் என்றாலும், அச்சில் அந்தச் சொல் இன்னும் கெட்டுவிடவில்லை.

நாம் மெனக்கெட வேண்டியது அந்த எழுந்து பேசும் ஆளுக்காக.

'தயாரிப்பாளர்' என்றால் படத்துக்குப் பணம் போடுபவர் நினைவுக்கு வருகிறார். சென்ற மடலில் ஐயா முன்வைத்த 'மது வடிப்பாளர்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதே அட்டையின் கடைசி வரியைப் பாருங்கள்: கிராப்பா. திராட்சை பிழிந்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் புளிக்கவிட்டுக் காய்ச்சி இறக்குவது அது. அதுதான் வடிப்பு. ஒயினைக் காய்ச்சுவதில்லை, ஆவியாக்குவதில்லை. 'வடிப்பாளர்' என்ற சொல்லை முதல் கோப்பைக்கே செலவழித்துவிட்டால் கடைசிக் கோப்பைக்கு என்ன செய்வது? பெரும்பாணாற்றுப்படையின் 'கள்ளடு மகளிர்' வழியில் 'அடுநர்' என்று போகலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அடுதல் சமைத்தல், அடுப்பு இல்லாத தொழிலுக்கு அது ஒட்டாது.

ஆல்ப்ஸில் மூன்று மொழிக்காரர்கள் இவரை எப்படி அழைக்கிறார்கள்? பிரான்சின் சவுவாவிலும் சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்துப் பிரெஞ்சுப் பகுதியிலும் 'வின்யரோன்'. வடஇத்தாலியின் தென் டிரோலில் ஜெர்மன் பேசுபவர்களுக்கு 'வின்சர்'. இத்தாலிய மொழி பேசும் வால்டெலினாவில் 'வின்யையோலோ'. மூன்றிலும் ஆள் முதலில் கொடியோடுதான் நிற்கிறார், பீப்பாயோடு அல்ல. காரணம் மலைதான். வடஇத்தாலியின் வால்டெலினாவில் அத்தா ஆற்றின் வடகரைச் சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல்கள். அவற்றைத் தாங்கும் சாந்தில்லாக் கற்சுவர்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் என்பார்கள். பல படிகளில் இயந்திரம் ஏற வழியில்லை. சரிந்த கல்லைக் கையால் எடுத்து வைத்து, குலைகளைச் சுமந்தே இறக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விஸ்பெர்டெர்மினனில் ஹைடா திராட்சை 1,150 மீட்டர் உயரம் வரை ஏறியிருக்கிறது. மோன் பிளாங்க் மலையின் இத்தாலிய அடிவாரத்து ஊரான மோர்ஷேயில் 1,200 மீட்டர் வரை பிரியே பிளாங்க் கொடி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி அங்கே எட்டிப்பார்க்காததால், இன்றும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கிறது. இந்தச் சரிவுகளில் ஆண்டெல்லாம் முதுகு வளைத்தவர் அறுவடைக்குப் பிறகு சில மாதம் நிலவறையிலும் வேலை செய்கிறார். அவரை நிலவறை வேலையால் மட்டும் பெயரிட்டால் உழைப்பின் பெரும்பகுதி விட்டுப்போகிறது.

> விவிலியத் தமிழில் 'திராட்சத்தோட்டக்காரர்' இருக்கிறதே?

இருக்கிறது, அழகான சொல்லும்கூட. ஆனால் அவர் தோட்டத்தோடு நின்றுவிடுகிறார். 'திராட்சரசம்' என்பதையோ, தேவாலயப் பழக்கம் இல்லாத வாசகர் பழச்சாறு என்றே எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: தேறலுழவர்.

தேறல் என்பது தெளிந்த கள். புளித்து முடிந்தபின் மண்டி அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்பதுதான் ஒயினும். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தண்கமழ் தேறலைப் புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனுக்குப் பரிந்துரைக்கிறார்; ஆகவே இறக்குமதிச் சரக்குக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன்னுதாரணமும் உண்டு. படிக்கட்டு வயலில் ஏர் ஏது என்று கேட்பீர்கள். வில்லேருழவரும் சொல்லேருழவரும் குறளில் எந்த வயலை உழுதார்கள்?

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தென் டிரோலில் ஒயினின் பெரும்பங்கு கூட்டுறவுச் சங்கங்களில் உருவாகிறது. சிறு தோட்டக்காரர்கள் பலர் குலைகளைக் கொண்டுவந்து கொட்ட, ஒரே நிலவறைப் பொறுப்பாளர் ஒயினாக்குகிறார். விருந்துக்கு வருபவர் பெரும்பாலும் அவர்தான், அவருக்குச் சொந்தமாக ஒரு கொடிகூட இல்லாமல் இருக்கலாம். அவரைத் தேறலுழவர் என்பது பொய். 'தேறல் வினைஞர்' என்று தனியாக வைப்போம். அம்மையாரின் அட்டையில் லாக்ரைன் சிவப்பு ஒயின் கூட்டுறவினுடையது, வால்டெலினா ஒயின் குடும்பத் தோட்டத்தினுடையது. ஆக, இரண்டு சொற்களும் ஒரே பக்கத்தில் வேண்டும்.

மற்றவை விரைவாக. கொடியைப் படரவிடும் மரச்சட்டத்துக்குச் சொல் தேட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகள் 'பந்தல்' என்கிறார்கள், மோர்ஷேயில் இருப்பதும் பந்தல்தான், குட்டையானது. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் குலைக்குக் கிடைக்கட்டும் என்று தாழ்த்திக் கட்டுகிறார்கள். வடஇத்தாலியின் திரெந்தினோவில் ஒயின் செய்யும் எலிசபெத்தா ஃபொராதோரி சில ஒயின்களை நொதிக்கவிடும் பெரிய களிமண் கலம் 'தாழி'. திராட்சை வகைப் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. 'பெத்தித் ஆர்வின்' என்பதைச் 'சிற்றார்வின்' ஆக்கிய ஆர்வத்தை வணங்குகிறேன், ஆனால் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சவுவாவின் அப்ரெமோன் ஒயின் பற்றிய குறிப்பில் 'பாறை நிலம்' என்பதும் போதாது. 1248இல் கிரானியே மலையின் ஒரு பகுதி இடிந்து ஊர்களைப் புதைத்தது. இன்று அந்த ஒயினுக்கான ஷக்கேர் திராட்சைக் கொடி வளர்வது அந்த இடிபாட்டின் மேல். 'மலைச்சரிவு இடிபாட்டு நிலம்' என்று முழுதாகவே எழுதிவிடலாம்.

எனக்கு இன்னும் தீராதது ஸ்ஃபோர்சாத்தோ என்ற ஒயின். வால்டெலினாவில் கியாவென்னாஸ்கா என்று அழைக்கப்படும் நெப்பியோலோ குலைகளைப் பறித்து, காற்றோட்டமான அறையில் வாரக்கணக்கில் நீர் வற்றவிட்டுப் பிறகு பிழிகிறார்கள். அட்டையில் 'உலர்திராட்சை ஒயின்' என்று இருக்கிறது. படிப்பவர் பாயசத்தில் போடும் கிஸ்மிஸைத்தான் நினைப்பார். 'வாட்டிய திராட்சை' என்றால் தீயில் வாட்டியதோ என்ற ஐயம் வரும். இப்போதைக்கு 'வதங்கவிட்ட திராட்சை' என்று திருத்தி அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் அட்டை அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.