தோட்டத்திலிருந்து அரசாங்க கிளினிக்: எங்கே பதிவது, மருந்துக்கு ஏன் தட்டுப்பாடு?

கேட்டவர்: தேயிலைச்சாரல்
அம்மாவுக்கு 58 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். சீனியும் பிரஷரும் உண்டு. தனியார் டொக்டரிடம்தான் காட்டி வருகிறோம், மாதாமாதம் செலவு தாங்கவில்லை. அரசாங்க கிளினிக்குக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? தோட்ட டிஸ்பென்சரி போதுமா, டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியா, நேரே கண்டியா? மருந்து இல்லையென்று வெளியே எழுதிக் கொடுப்பார்களாமே?

பதில்: மலைக்காற்று
தோட்ட டிஸ்பென்சரி பெரும்பாலும் கம்பனி நிர்வாகத்தின் கீழ் இருப்பது. முதலுதவிக்கும் கடிதத்துக்கும் சரி, வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய நோய்க்குப் போதாது. லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) வரும் மிட்வைப் அரசாங்கத்தைச் சேர்ந்தவர்தான், ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி என்பதே அவர் வேலை.

பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) முதலில் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை, ஓபிடிக்குக் கடிதமும் வேண்டாம். அங்குள்ள டொக்டர் பார்த்து மெடிக்கல் கிளினிக்கில் பதியச் சொல்வார். விசேட வைத்தியர் தேவைப்பட்டால் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார். கண்டியை அதற்கும் மேலே வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்த மாத்திரைக்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறினால், மழையோ மண்சரிவோ வந்த மாதத்தில் மருந்து நின்றுவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி (பதிந்த பிறகு), பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது குடிக்கும் மருந்துகளின் அட்டைகள். மருந்து அட்டைகளை மறக்கவே கூடாது. தனியார் டொக்டர் கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார், ஆஸ்பத்திரியில் மெட்போர்மின் (சீனிக்கு), லொசாட்டன் (பிரஷருக்கு) என்று மருந்தின் பெயரிலேயே தருவார்கள். இரண்டும் வேறு என்று நினைத்துச் சேர்த்துக் குடித்து மயங்கி விழுபவர்கள் உண்டு. புது மருந்து கைக்கு வந்ததும் எது எதற்குப் பதில் என்று பாமசியிலேயே கேட்டு, பழையதைத் தனியே எடுத்து வையுங்கள்.

வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை என்றால் 8 மணி நேரம் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், பிளேன்டீ கூடாது. காலைச் சீனி மாத்திரையை இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் குடிக்க வேண்டும். ரொட்டி கட்டிக்கொண்டு போவது அவசியம்.

பதில்: கொழுந்துக்கூடை
மருந்துத் தட்டுப்பாட்டுக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய அமைச்சின் கீழ். மருந்து மட்டும் இருவருக்கும் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்தே வருகிறது, மாகாண ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்டக் களஞ்சியம் வழியாக. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் முந்திய பாவனையைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுத் தேவையை எழுதி அனுப்பும். பக்கத்து ஆஸ்பத்திரியில் பதியாமல் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் இங்கே கணக்குக் குறையும், அங்கே வரிசை நீளும். 2022இல் டொலர் நெருக்கடியில் நாடு முழுக்கவே மருந்து முடங்கியது வேறு கதை.

வெளியே எழுதினால் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி, முடிந்தால் அரசாங்கத்தின் ஒசுசல பாமசியில் விலை கேளுங்கள். அடுத்த கிளினிக்கில் அதே மருந்து வந்துவிட்டதா என்று நீங்களாகக் கேட்க வேண்டும். பலர் கேட்காமல் மாதக்கணக்கில் வெளியே வாங்குகிறார்கள்.

தேயிலைச்சாரல்
நன்றி. கிளினிக் நாளில் அம்மா வேலைக்குப் போக முடியாதே?

பதில்: மலைக்காற்று
அடுத்த திகதி கொப்பியில் எழுதப்படும். அதைக் காட்டிக் கணக்கப்பிள்ளையிடம் முன்னரே சொல்லிவிடலாம். வேலைக்காகக் கிளினிக்கைத் தவறவிட்டால், தவறியதைச் சொல்லி அடுத்த நாளே ஓபிடியில் மருந்து கேளுங்கள், ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். கொழுந்து எடுப்பவர் என்றால் பாதத்தையும் தினமும் பார்க்க வேண்டும். அட்டைக்கடியும் ஈரமும் சீனிக்காரருக்குப் புண்ணானால் லேசில் ஆறாது. கண் பரிசோதனைக்கும் வருடத்துக்கு ஒருமுறை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பதில்: கொழுந்துக்கூடை
நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் கிளினிக்குக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், பக்கத்து பெக்டரி அல்லது கோயில் ஆகியவற்றைச் சொல்லுங்கள். லயத்து வீதியில் வண்டி ஏறாது என்றால் பிரதான வீதியில் ஒருவரை நிறுத்துங்கள். கிளினிக் கொப்பி நோயாளியோடு போகட்டும்.