போருக்குப் பிந்தைய காதல் கதை: வாசகர் வட்டத்தில் எங்கே தடுக்கும்?

அஸ்தம்பட்டி உறுப்பினர்:
இந்த வகை நாவலை எடுத்தாலே ஒரு புகார் வரும்: "காதலே காணோமே, ரொட்டியும் நிலக்கரியும்தான் இருக்கு." ரேஷன் கணக்கு தெரியாததால் வரும் சிக்கல் இது. கதை லண்டனில் நடந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அங்கே ரொட்டிக்கு ரேஷன் இல்லை. முடிந்த பிறகு 1946 ஜூலையில் வந்து, 1948 ஜூலை வரை இருந்தது. துணிக்கு 1949 வரை. கடைசியாக இறைச்சிக்கு 1954 ஜூலையில் எடுத்தார்கள். அப்படியென்றால் 1947 குளிரில் ஒருத்தி தன் ரொட்டித் துண்டை அவன் தட்டுக்கு நகர்த்துவது சும்மா உபசாரம் இல்லைங்க. கதை முன்னும் பின்னும் தாவும், அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஆண்டைக் குறித்துவிடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் உறுப்பினர்:
அக்கா சொன்னதோடு இதையும் பாருங்க. தமிழ் மொழிபெயர்ப்பில் 'நீங்கள்' எந்த வரியில் 'நீ' ஆகிறது? மூலம் ஜெர்மன் என்றால் 'ஸீ' (நீங்கள்), 'டூ' (நீ) என்று ஆசிரியரே அந்தக் கோட்டைப் போட்டிருப்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ'தான். அங்கே அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. இது புரியாமல் "அவள் திடீர்னு உரிமை எடுத்துக்கிட்டா" என்று பாத்திரத்தின் மேல் பழி போடுவார்கள். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மூலத்தோடு சேர்த்துச் சத்தமாக வாசித்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாய எண் சொல்லுங்கள்.

ஏற்காடு உறுப்பினர்:
300 பக்கத்துக்கு மூன்று வாரம் கொடுங்கள், நாளுக்கு 15 பக்கம் போதும். கூட்டம் 90 நிமிடம், 12 பேருக்கு மேல் வேண்டாம். "அவ பண்ணது தப்பா, சரியா?" என்ற கேள்வியைத் தொடக்கத்தில் விட்டால் நாவல் போய் பஞ்சாயத்துதான் மிஞ்சும், கடைசி 15 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். சினிமாவாக வந்த கதை என்றால் படத்தின் முடிவைச் சொல்பவருக்குத் தட்டுவடை செட் கிடையாது.

சேலத்திலிருந்து மேலே ஏற்காட்டுக்குக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: 20 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். தலை சுற்றும். அடிவாரத்திலேயே புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூடுபனி இறங்கும் மாதமென்றால் காலை 10 மணிக்கே கூட்டத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.