புதுப்பிப்பு: கைப்பிடி அரிசியைத் தனித்து வாழும் முதியோரிடம் சேர்த்தது எப்படி

தூத்துக்குடி அருகேயுள்ள எங்கள் சபையில், குடும்பங்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியை ஆராதனைக்குப் பின் வரிசையில் நிறுத்திக் கொடுப்பதால், தனித்து வாழும் முதியோர் கூச்சப்பட்டு வருவதில்லை என்று ஜூன் மாதம் இங்கே எழுதி வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இருவர் இருவராக வீட்டுக்கே செல்லட்டும் என்ற யோசனைதான் பலித்தது. முன்பு 11 பேர் பெற்றார்கள். இப்போது 26 பேர், அவர்களில் 9 பேர் சபையைச் சேராதவர்கள். இன்னொரு யோசனையான, மளிகைக் கடையில் சீட்டைக் காட்டிப் பொருள் பெறும் முறை, நடக்க இயலாதவர்களுக்கு உதவவில்லை.

நாங்கள் எதிர்பாராதது வேறு. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைப்பதால், பலருக்கு அரிசியைவிடப் பருப்பும் எண்ணெயும் மாத்திரைச் செலவுமே பாரமாக இருந்தன. ஆகவே சேரும் அரிசியில் ஒரு பங்கைச் சபையிலேயே ஏலமிட்டு, அந்தப் பணத்தில் அவற்றை வாங்குகிறோம். இதை முன்பே கேட்டறியாதது எங்கள் தவறு. மேலும், 4 பேர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமலே இருந்தார்கள். இ-சேவை மையத்துக்கு அழைத்துச் சென்றதில் இருவருக்கு மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கிவிட்டது, மற்ற இருவரின் மனுக்கள் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் உள்ளன.