பாவித்த 86க்கு என்ன டயர்? மாரி தொடங்குமுன் சொல்லுங்கள்

உவர்மலையான்:
போன மாதம் கொழும்பில் பாவித்த டொயோட்டா 86 ஒன்று வாங்கினேன். 2013 மாடல், 17 அங்குலச் சில்லு, டயர் அளவு 215/45 (அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 வீதம்). பின் டயர் இரண்டும் தேய்ந்து மாற்ற வேண்டிய எல்லையைக் காட்டும் 1.6 மில்லிமீற்றர் அடையாளக் கட்டையைத் தொட்டுவிட்டன. முன்னால் 5 மில்லிமீற்றர் பள்ளம் இருக்கிறது, ஆனால் பக்கச்சுவரில் 2215 என்று திகதி எண். கடைக்காரர், "கல்லு மாதிரி இருக்கு, இன்னும் இரண்டு வருஷம் ஓடலாம்" என்கிறார். வார நாளில் திருகோணமலை உவர்மலையில் இருந்து டவுன், மாதத்தில் இரண்டு தடவை ஹபரணை வழியாகக் கொழும்பு. பிடி கூடிய ஸ்போர்ட் டயரான மிஷெலின் பைலட் ஸ்போர்ட் போடவா, அதே கம்பனியின் சாதாரண ஓட்டத்துக்கான பிரைமசியே போதுமா, இல்லை ஜப்பானில் இருந்து வரும் பாவித்த டயர் நான்கு எடுக்கவா? பைலட் நான்கு என்றால் ஒரு மாதச் சம்பளம் காலி.

சில்லுப்பைத்தியம்:
இதில் யோசிக்க என்ன இருக்கு? பைலட் ஸ்போர்ட். 200 குதிரைவலு, பின்சில்லு இழுவை. அந்தக் காருக்கு பிரைமசி போடுவது வேட்டிக்கு ரப்பர் செருப்புப் போடுகிற மாதிரி.

கந்தளாய் ப்ரியஸ்:
தம்பி, அந்தக் கார் தொழிற்சாலையில் இருந்து வந்ததே மிஷெலின் பிரைமசி ஹெச்பி டயரோடுதான். என் ப்ரியஸின் 17 அங்குல மாடலுக்கும் அதே அளவுதான். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவும் ஆட்களும் வேண்டுமென்றே பிடி குறைந்த டயராகப் பார்த்துப் போட்டார்கள், குறைந்த வேகத்திலேயே கார் விளையாடட்டும் என்று. ரப்பர் செருப்போடு பிறந்த காருக்கு நீங்கள் ஏன் சப்பாத்துத் தேடுகிறீர்கள்? நம் ரோட்டில் காருக்கு 70க்கு மேல் சட்டமும் இல்லை.

சில்லுப்பைத்தியம்:
அண்ணை, ஜப்பானில் ஓட்டப்பாதையில் விளையாட அது சரி. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இரவில் யானை ரோட்டைக் கடக்கும்போது கார் "விளையாட" வேண்டாம், நிற்க வேண்டும். 70இல் போனால் விநாடிக்கு 19 மீற்றர். பிரேக் என்னதான் நல்லது என்றாலும் ரோட்டைப் பிடித்திருப்பது உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு துண்டுதானே.

கந்தளாய் ப்ரியஸ்:
யானைக்கு மருந்து வேகத்தைக் குறைப்பது. ஸ்போர்ட் டயர் மழையில் வழுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கார்த்திகை மார்கழியில் தம்பலகாமப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது என்ன செய்வீர்கள்?

பழைய ஸ்பேனர்:
இங்கே இரண்டு விஷயம் கலந்து போகுது. மழையில் வழுக்குவது ஓட்டப்போட்டிக்கான, பள்ளம் மிகக் குறைந்த டயர். பைலட் ஸ்போர்ட் அந்த ரகம் இல்லை. அதில் தண்ணீரை வெளியே தள்ள அகலமான நீள்பள்ளங்கள் உண்டு, சிலிக்கா கலந்த ரப்பர் ஈர ரோட்டையும் பிடிக்கும். ஆகவே மழையைச் சொல்லி அதைத் தள்ள முடியாது. மென்மையான ரப்பர் கெதியாகத் தேயும், நம் கச்சான் காற்றுக் காலத்துத் தார் சூட்டில் இன்னும் கெதியாக. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி உவர்மலையான், உங்கள் உண்மையான ஆபத்து முன் டயர். 2215 என்றால் 2015ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கிவிட்டிருக்கும். கடைக்காரர் "கல்லு மாதிரி" என்றது உண்மைதான், அதுதான் குறையே! பள்ளம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். விளக்கை அடித்துப் பக்கச்சுவரையும் பள்ளத்தின் அடியையும் பாருங்கள், மயிரிழை வெடிப்புத் தெரியும்.

உவர்மலையான்:
பார்த்தேன் ஐயா. வெடிப்பு இருக்கிறது. அப்ப ஜப்பான் டயர்?

பழைய ஸ்பேனர்:
நான் ஒரு தரம் வாங்கிப் பட்ட பாடு போதும். கடையின் பெயர் வேண்டாம். டயரின் பூ, அதாவது பள்ளம், நல்லாத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது, இறங்கிப் பார்த்தால் உள்பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீக்கம். முதல் சொந்தக்காரன் எந்தக் கல்லில் இடித்தானோ. இன்னொன்று: ஜப்பானில் பனிக்காலத்துக்குத் தனி டயர் இருக்கிறது, பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று போட்டிருப்பார்கள். மூட்டையோடு மூட்டையாக அதுவும் வரும். தொட்டால் பஞ்சு மாதிரி, வாங்குபவர் நல்ல பிடி என்று நினைப்பார். பனிக்குச் செய்த ரப்பரை நிலாவெளி வெயிலில் ஓட்டிப் பாருங்கள், வளைவில் கார் நெளியும்.

உப்புவெளி அக்கா:
ஆண்கள் எல்லோரும் 17லேயே நிற்கிறீர்கள். ஜப்பானில் விலை குறைந்த 86 மாடல் 16 அங்குலத்தில், 205/55 டயரோடு வந்தது. 215/45இன் பக்கச்சுவர் கிட்டத்தட்ட 97 மில்லிமீற்றர், 205/55இன் பக்கச்சுவர் 113. மொத்த விட்டம் 1 வீதம்தான் கூடும். குழியில் ரிம் அடிபடாது, அந்த அளவு எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எங்கள் வீட்டுக் காரில் இப்படித்தான் ஒரு அளவு இறக்கினோம், முதுகு தப்பியது. பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் ரிம்மை மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

சில்லுப்பைத்தியம்:
அக்கா, 16இல் அந்தக் கார் பார்க்க ட்ராக்டர் மாதிரி இருக்கும்.

உப்புவெளி அக்கா:
ஓட்டுகிறவருக்குத் தெரியாதே தம்பி.

உவர்மலையான்:
ரிம் மாற்ற இப்போது காசு இல்லை அக்கா. இன்று மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பைலட் ஸ்போர்ட் இருந்தது, புத்தம் புதிது என்றார்கள், திகதி எண்ணைப் பார்த்தால் நாலு வருஷம் பழசு. பிரைமசி இந்த வருஷத்தது. இப்போதைக்கு இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடலாமா? ஸ்டியரிங் முன்னால்தானே.

கந்தளாய் ப்ரியஸ்:
முன்னுக்குத்தான். பிரேக் பாரம் முன்னால் விழும்.

பழைய ஸ்பேனர்:
இரண்டு வாங்கினால் பின்னுக்கு. முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும், அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதுவும் பின்சில்லு இழுவையில். ஆனால் உங்கள் முன் டயரில் மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டது. அதனால் இந்தக் கணக்கே உங்களுக்கு இல்லை, நான்கையும் மாற்றுங்கள். பைலட்டோ பிரைமசியோ, நான்கும் ஒன்றாக, திகதி பார்த்து.

சில்லுப்பைத்தியம்:
புதுத் திகதியில் பைலட் கிடைக்கும்வரை பொறுக்கலாமே.

பழைய ஸ்பேனர்:
மாரி பொறுக்குமா?

உவர்மலையான்:
சரி. இந்த வருஷத்துப் பிரைமசி நான்குக்கும் முற்பணம் கொடுத்துவிட்டேன். சில்லுப்பைத்தியம் கோபிக்க வேண்டாம், இது தேய்ந்த பிறகு பைலட். வெள்ளிக்கிழமை மாற்றி, அலைன்மென்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கந்தளாய் ப்ரியஸ்:
தம்பி, அந்தக் கடையில் அதே அளவில் இன்னும் இரண்டு இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கோ. என்னுடையதன் திகதியைச் சும்மா போய்ப் பார்த்தேன். 2014.