ஸ்வீடன் படிப்பு வட்டம் சின்னப்பாலத்துக்குச் சரிப்பட்டு வருமா?

பாம்பன்காரி:
பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்காமார் 18 பேர் சாயங்காலம் கூடிப் படிக்க ஆசைப்படுகிறார்கள். பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், மீதிப் பேர் எட்டாவது வரை போனவர்கள். ஸ்வீடனில் வாத்தியார், பரீட்சை எதுவும் இல்லாமல் படிப்பு வட்டம் நடக்கிறதாமே, அதை இங்கே அப்படியே நடத்தலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் வாசகர்:
நடத்தலாம் அக்கா. ஆனால் 18 பேரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். 1902-ல் லுண்ட் நகரத்தில் ஆஸ்கர் ஊல்சன் மதுவிலக்கு இயக்கத்தாருக்காகத் தொடங்கியது அந்தப் படிப்பு வட்டம். சேர்ந்து புத்தகம் வாங்கி, மாற்றி மாற்றிப் படித்து, கூடிப் பேசுவார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கான ஏற்பாடு. இன்றைக்கு ஏபிஎஃப் (1912-ல் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கம்) போன்ற கல்விச் சங்கங்கள் அரசு மானியத்தில் நடத்துகின்றன.

எழுத்தே தெரியாதவருக்கு அங்கேயும் தனி வகுப்புதான், அது நகராட்சியின் பொறுப்பு. குடியேறியவர்களுக்கான ஸ்வீடிஷ் மொழி வகுப்பில் மூன்று பாதைகள் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர் ஏ நிலையிலிருந்து தொடங்குவார், நன்றாகப் படித்தவர் நேரே சி நிலைக்குப் போவார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிப்பைத்தான்.

வாசிக்கத் தெரிந்த 9 பேர் ஒரு வட்டம். பத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என்ன படிப்பது என்று முதல் நாள் அவர்களே முடிவு செய்யட்டும். நடத்துகிறவர் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தால் மூன்றாம் நாளே அது டியூஷன் ஆகிவிடும். எல்லாருக்கும் பாய்தான். யாராவது சந்தேகம் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாமல், "உங்களில் யாருக்குத் தெரியும்?" என்று வட்டத்திடமே கேளுங்கள்.

தங்கச்சிமடம் தன்னார்வலர்:
எழுத்துப் படிக்கும் 9 பேருக்கு அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பொருந்தும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, 200 மணி நேரப் படிப்பு. கடைசித் தேர்வு 150 மதிப்பெண்: வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50. ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்றால் 100 நாள் உட்கார வேண்டும். மாதம் 12 நாள் கிடைத்தால் எட்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

அந்த 12 நாளைக் கிழமை பார்த்துக் குறித்தால் கூட்டம் நிற்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும்போது எல்லாரும் பாசிக்குப் போய்விடுவார்கள், திரும்பி வந்த உடம்புக்குப் படிப்பு ஏறாது. இரண்டு அஷ்டமியையும் நடுவில் வைத்து ஆறாறு நாள் குறியுங்கள்.

'அம்மா, ஆடு' வேண்டாம். வியாபாரி தரும் எடைச் சீட்டை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். உதாரணத்துக்கு, 42 கிலோ, கிலோ 60 ரூபாய் என்றால் 2,520. முன்பணம் 500 போக 2,020. 'எடை', 'விலை', 'கழிவு', 'பாக்கி' என்ற நான்கு சொல்லிலேயே பத்துப் பன்னிரண்டு எழுத்து வந்துவிடும். கழிவு என்று எவ்வளவு பிடித்தார்கள் என்பதைத் தானே படித்துப் பார்த்தவர் மறுநாள் கூப்பிடாமலே வருவார்.

பாம்பன்காரி:
இரண்டாகப் பிரித்தால் எழுத்துத் தெரியாதவர்கள் கூச்சப்பட்டு நின்றுவிட மாட்டார்களா?

மண்டபம் வாசகர்:
நிற்பார்கள், தனித்தனி நாள் வைத்தால். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு பாய். கடைசிக் கால் மணி நேரம் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். பாசி வளரும் பாறை, எடுக்கக் கூடாத பருவம் என்று பேச்சு திரும்பினால் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காதான் அங்கே சொல்லிக் கொடுப்பார்.

தங்கச்சிமடம் தன்னார்வலர்:
ஒன்று விட்டுப்போயிற்று. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து இருக்கும். அது தெரியாமல் "எனக்குப் படிப்பு வராது" என்று எழுந்து போய்விடுவார்கள். முதல் வாரமே கண்ணைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடி வரும்வரை விரல் அகல எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். ட்யூப்லைட் பாய்க்கு நேர் மேலே இருக்கட்டும்.